ஃபைல் எங்கே தூங்குகிறது? ஒர்க்ஃப்ளோ டேட்டாவை எக்ஸெலில் அலசுவது பற்றி

பர்ச்சேஸ் ரிக்வெஸ்ட் ஒன்று அப்ரூவ் ஆகி வர ஏன் இத்தனை நாள் ஆகிறது? இந்தக் கேள்வியை எந்த கம்பெனி மீட்டிங்கில் வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். மெயின்டனன்ஸ்காரர் அக்கவுண்ட்ஸைக் கைகாட்டுவார். அக்கவுண்ட்ஸ் ஸ்டோர்ஸைக் கைகாட்டும். ஸ்டோர்ஸில் இருப்பவரோ, "எங்ககிட்ட வந்தா அன்னைக்கே போயிருமுங்க" என்பார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, மீட்டிங்குக்கு வராத யாரோ ஒருவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

இத்தனைக்கும் பதில் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கிறது. நடுத்தர கம்பெனிகளில்கூட இப்போது அப்ரூவல் எல்லாம் ஏதோ ஒரு ஒர்க்ஃப்ளோ சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பட்டனை அழுத்தினார் என்பதை அது ஒன்று விடாமல் எழுதி வைக்கிறது. அதை எக்ஸெலுக்கு எடுத்து அலசுவது பற்றித்தான் இந்தப் பதிவு. கோவைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எம்ஐஎஸ் பார்க்கிறவன் நான். அதனால் உதாரணமெல்லாம் பேரிங், மோட்டார், கொட்டேஷன் என்றே வரும். உங்களுடையது லீவ் அப்ரூவலோ, இன்சூரன்ஸ் க்ளெய்மோ, கஸ்டமர் கம்ப்ளெயின்டோ, எதுவானாலும் கணக்கு இதேதான்.

முதலில், எதை எடுப்பது என்பதிலேயே பலர் வழுக்கி விழுகிறார்கள். சாஃப்ட்வேரைத் திறந்தால் ஒரு பட்டியல் தெரியும், மேல் மூலையில் எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கும். அழுத்தினால் ரிக்வெஸ்டுக்கு ஒரு வரி வீதம் ஷீட் இறங்கும்: நம்பர், போட்டவர், தொகை, இப்போதைய நிலை. இதை வைத்துக்கொண்டு 'பெண்டிங் இத்தனை, க்ளோஸ்டு இத்தனை' என்று கலர் கலராக சார்ட் போடலாம். ஆனால் ஏன் லேட் என்ற கேள்விக்கு அதில் ஒரு பதிலும் கிடையாது. பாஸ்புக்கில் கடைசி பேலன்ஸை மட்டும் பார்த்துவிட்டு, பணம் எங்கே போயிற்று என்று தேடுகிற கதைதான். நமக்கு வேண்டியது வரவு செலவு வரிகள். ரிக்வெஸ்ட் ஏழு கை மாறியிருந்தால் ஏழு வரி வேண்டும்.

அந்த ஒவ்வொரு வரியிலும் குறைந்தபட்சம் மூன்று பத்திகள் இருந்தாக வேண்டும்: எந்த ரிக்வெஸ்ட், என்ன நடந்தது, எப்போது நடந்தது. ப்ராசஸ் மைனிங் என்றொரு துறையே இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. நெதர்லாந்துக்காரரான வில் வான் டர் ஆல்ஸ்ட் அதை வளர்த்தெடுத்த பேராசிரியர். அவர் புத்தகங்களைத் திறந்தாலும் அடிப்படை டேபிள் இதுதான். யார் செய்தார் என்பது நான்காவது பத்தி; இருந்தால் நல்லது. அதைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வரலாறு எங்கே இருக்கும் என்பது சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் மாறும். கமுண்டா 7, ஃப்ளோவபிள், ஆக்டிவிட்டி போன்ற என்ஜின்களில் 'ஆக்ட் எச்ஐ' என்று தொடங்கும் டேபிள்களைத் தேடச் சொல்லுங்கள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவெளி எல்லாம் அங்கேயே இருக்கும். இடைவெளி மில்லிசெகண்டில் இருப்பதால், எண்ணின் நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். 8,64,00,000-ஆல் வகுத்தால் நாள் கணக்கு வந்துவிடும். ஜிராவில் சாதாரண சிஎஸ்வி எக்ஸ்போர்ட்டில் ஸ்டேட்டஸ் மாறிய வரலாறு வராது. ஏபிஐ வழியாக சேஞ்ச்லாக்கை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று இருக்கும் ப்ளக்-இன் போட வேண்டும். நீங்கள் ஐடி ஆளிடம் கேட்க வேண்டியது இந்த ஒரு வாக்கியம்தான்: "எனக்கு லிஸ்ட் வேண்டாம், ஒவ்வொரு ஸ்டெப்பும் ஒரு வரியா வர்ற ஹிஸ்டரி வேணும்."

சரி, ஃபைல் வந்துவிட்டது. ஒரே ஒரு ரிக்வெஸ்டை எடுத்து வைத்துப் பார்ப்போம். எண்களும் தேதிகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் ஃபைலில் வரும் உருவம் அசல் இப்படித்தான் இருக்கும்.

07/03/2025 12:10 – ரிக்வெஸ்ட் போடப்பட்டது, பேரிங்
08/03/2025 04:45 – துறைத் தலைவர் அப்ரூவ்
08/03/2025 06:00 – ஸ்டோர்ஸ் செக், ஸ்டாக் இல்லை
12/03/2025 11:20 – அக்கவுண்ட்ஸ் ரிட்டர்ன்
14/03/2025 05:30 – திரும்பப் போடப்பட்டது
18/03/2025 11:45 – அக்கவுண்ட்ஸ் அப்ரூவ்
19/03/2025 19:10 – எம்டி அப்ரூவ்

துறைத் தலைவர் விடிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து அப்ரூவ் பண்ணினாரா? இல்லை. சர்வர் உலகப் பொது நேரத்தில் எழுதியிருக்கிறது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். எக்ஸெலுக்கு ஒரு நாள் என்பது 1. ஆகவே 5.5-ஐ 24-ஆல் வகுத்து அந்தப் பத்தியோடு கூட்டினால் போதும். கூட்டினால் அவர் சனிக்கிழமை காலை 10:15-க்கு ஆபீஸில் உட்கார்ந்து செய்தது தெரியும். கடைசி வரியைக் கவனியுங்கள். 19-ஆம் தேதி 19:10 என்பது நம் கணக்கில் 20-ஆம் தேதி நள்ளிரவு 12:40. எம்டி தூங்கப் போகும்முன் போனில் தட்டியிருக்கிறார். கூட்டாமல் விட்டால் தேதியே ஒன்று தள்ளிப் போகும். நைட் ஷிஃப்ட் ஓடும் கம்பெனிகளில் இது சின்ன விஷயம் இல்லை. இரவு பன்னிரண்டுக்கும் காலை ஐந்தரைக்கும் நடுவில் நடந்ததெல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்துவிடும்.

அடுத்தது இன்னும் மோசமான பொறி. இதே ஃபைலை, ரீஜன் செட்டிங் அமெரிக்காவில் இருக்கும் கம்ப்யூட்டரில் திறந்தால், 07/03 ஜூலை 3 ஆகிவிடும், 08/03 ஆகஸ்ட் 3, 12/03 டிசம்பர் 3. பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லாததால் 14/03 தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். விளைவு, ஒரு முழு நாள்கூட ஃபைலை வைத்திராத துறைத் தலைவர் ஏறக்குறைய 31 நாள் எடுத்துக்கொண்டதாக எக்ஸெல் சத்தியம் செய்யும். எரர் எதுவும் காட்டாது. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: தேதிப் பத்தியை அகலமாக்கிப் பாருங்கள். தேதியாகப் புரிந்துகொண்டதெல்லாம் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், புரியாததெல்லாம் இடப்பக்கம் ஒட்டியிருக்கும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்திருந்தால் அந்த ஃபைலை மூடிவிட்டு, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடுக்கும் வழியில் போங்கள். எந்தப் பத்தி என்ன, நாள் முதலா மாதம் முதலா என்பதை அங்கே நாமே சொல்லலாம். சாஃப்ட்வேர் பக்கம் மாற்ற முடியுமானால், வருடம் முதலில் வரும்படி 2025-03-07 என்று எழுதச் சொல்வதே உத்தமம்.

சிஎஸ்வியை டபுள் க்ளிக் செய்து திறக்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்கு இன்னும் காரணங்கள் உண்டு. கமென்ட் பத்தியில் தமிழ் இருந்தால், ஆங்கில ஏ எழுத்தின் தலையில் கோடு போட்ட ஏதோ ஐரோப்பிய மந்திரம் போல் வந்து நிற்கும். மேலே சொன்ன வழியில் எடுத்து, 65001 யூனிகோடு என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாகவே வரும். பழைய பாமினி எழுத்துருவில் டைப் செய்த கமென்ட் என்றால் இதுவும் உதவாது. அது அடியில் ஆங்கில எழுத்துகள்தான், கன்வெர்ட்டர் போட்டு மாற்றியாக வேண்டும். 00417 என்ற வெண்டர் கோடு 417 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் அக்கவுண்ட் நம்பரின் வால் பூஜ்யமாகிவிடும். 3/12 என்று ரிக்வெஸ்ட் நம்பர் கொடுக்கும் கம்பெனியாக இருந்தால் அது தேதியாகிவிடும். இந்தத் தேதிப் பைத்தியம் உலகப் பிரசித்தம்: மார்ச், செப்ட் என்று தொடங்கும் மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதியாக்கித் தொலைத்ததில், பெயர் வைக்கும் குழுவே 2020-இல் சரணடைந்து அந்தப் பெயர்களை மாற்றிக்கொண்டது. "- ஓகே" என்று சிறுகோடு போட்டு கமென்ட் எழுதும் நம் ஆட்களைக் கண்டாலும் எக்ஸெல் மிரளும். ஃபார்முலா என்று நினைத்து எரர் காட்டும்.

வரி எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய எக்ஸெல் ஷீட்டில் 10,48,576 வரிகள், பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 மட்டுமே. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு இந்தப் பழைய வடிவத்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளை ஏற்றியபோது, கொள்ளாதது அப்படியே வெட்டுப்பட்டு 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விட்டுப்போயின. அங்கும் ஒரு ஆளுக்குப் பல வரிகள். நம் ஃபைலிலும் அதே நிலைமைதான், ரிக்வெஸ்ட் ஐயாயிரம் என்றாலும் வரி முப்பத்தைந்தாயிரம் ஆகிவிடும். ஆகவே ஏற்றியவுடன் செய்யும் முதல் வேலை, சாஃப்ட்வேர் சொல்லும் எண்ணிக்கையும் ஷீட்டின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்ப்பது.

இனி அலசல். ரிக்வெஸ்ட் நம்பர்படி, அதற்குள் நேரப்படி அடுக்குங்கள். பக்கத்தில் ஒரு புதுப் பத்தி: மேல் வரியும் இந்த வரியும் ஒரே ரிக்வெஸ்ட் என்றால் நேரத்தைக் கழி, இல்லையென்றால் காலியாக விடு. ஒரே ஒரு இஃப் ஃபார்முலா. வரும் விடையை மணி-நிமிடமாகப் பார்க்க விரும்பினால், ஃபார்மட்டில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுங்கள். போடாவிட்டால் 26 மணி நேரம் 2 மணி நேரமாகத் தெரியும்; 24 தாண்டியதை எக்ஸெல் மறைத்துவிடும்.

நம் பேரிங்குக்கு இதைச் செய்தால்: மொத்தம் 12 நாள் 7 மணி நேரம். துறைத் தலைவரிடம் 16 மணி 35 நிமிடம், அதில் ஒரு ராத்திரி அடக்கம். ஸ்டோர்ஸ் ஒன்றேகால் மணி நேரம். "அன்னைக்கே போயிருமுங்க" என்றது உண்மைதான். அக்கவுண்ட்ஸில் முதல் முறை 4 நாள் 5 மணி 20 நிமிடம், இரண்டாம் முறை 4 நாள் 6 மணி 15 நிமிடம். இரண்டையும் கூட்டினால் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். மீட்டிங்கில் இந்த சார்ட்டைப் போட்டால் அக்கவுண்ட்ஸ் கதை முடிந்தது.

போடாதீர்கள். கொஞ்சம் பொறுத்து இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, இடைவெளியை வேலை நாள் கணக்கில் மாற்றிப் பாருங்கள். நெட்வொர்க்டேஸ் ஃபார்முலா சனி ஞாயிறு இரண்டையும் லீவாக எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமை ஓடும் நம் ஊர்த் தொழிற்சாலைகளுக்கு அது பொருந்தாது. அதன் இன்டர்நேஷனல் வடிவத்தில் 11 என்று கொடுத்தால் ஞாயிறு மட்டும் லீவு. இரண்டாம் சனிக்கிழமை லீவு விடும் கம்பெனி என்றால் அதற்கென்று தனி ஏற்பாடு கிடையாது. பொங்கல், ஆயுத பூஜையோடு சேர்த்து அந்தச் சனிக்கிழமைகளையும் லீவுப் பட்டியலில் எழுதிவிட வேண்டியதுதான். இன்னொன்று, அந்த ஃபார்முலா தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் சேர்த்தே எண்ணும். அன்றே முடிந்ததற்கு 1 என்று வரும், ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, அக்கவுண்ட்ஸ் வரிகளை மட்டும் ஃபில்டர் செய்து, மாதத்தின் எந்தத் தேதியில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்று பிவட் போடுங்கள். 7, 11, 15, 20 ஆகிய தேதிகளை ஒட்டித் தேக்கம் மேடு கட்டி நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். டிடிஎஸ் கட்ட 7, ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11, பிஎஃப், இஎஸ்ஐக்கு 15, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20. மாதம் தவறாமல் வரும் கெடுக்கள் இவை. நம் பேரிங் முதல் முறை காத்திருந்தது 8-இலிருந்து 12 வரை, இரண்டாம் முறை 14-இலிருந்து 18 வரை. புரிகிறதா?

இத்தனையும் பார்த்த பிறகு நேரில் போய்க் கேட்க வேண்டும். எக்ஸெல் எங்கே என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. இப்படிப் போய்க் கேட்டபோது அக்கவுண்ட்ஸ் மேடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, பதினொன்னாந்தேதி வரைக்கும் ஜிஎஸ்டி தலைக்கு மேல நிக்குது. அதை முடிச்சிட்டு உங்க ரிக்வெஸ்டைத் திறந்தா கொட்டேஷனே இல்ல. எதை வெச்சுங்க நான் அப்ரூவ் பண்றது?" கமென்ட் பத்தியில் போய்த் தேடினால், திருப்பி அனுப்பியவற்றில் வரிக்கு வரி அதேதான்: கொட்டேஷன் இல்லை, கொட்டேஷன் பழையது, ரேட் ஒத்துவரவில்லை. நம் உதாரணத்தில் கொட்டேஷன் முதலிலேயே இருந்திருந்தால் 12-ஆம் தேதியே அப்ரூவ் ஆகியிருக்கும். ஆறு நாள் மிச்சம். அக்கவுண்ட்ஸை விரட்டி அதில் பாதிகூட மிச்சம் பிடிக்க முடியாது. ஃபார்மில் கொட்டேஷன் இணைப்பைக் கட்டாயமாக்குவது ஐடிக்கு அரை நாள் வேலை. ஒரே ரிக்வெஸ்டில் ஒரே படி இரண்டு முறை வருகிறதா என்று கவுன்ட்இஃப்ஸ் போட்டு எண்ணிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். தாமதத்தைவிடத் திரும்பி வருதலே அதிகம் சொல்கிறது என்பது என் கட்சி.

சராசரியைப் பற்றியும் எனக்கு ஒரு கோபம் உண்டு. பத்து ரிக்வெஸ்டில் ஒன்பது இரண்டு நாளில் முடிந்து, ஒன்று 82 நாள் கிடந்தால் சராசரி பத்து நாள். அந்தப் பத்து நாள் யாருக்குமே நடக்காத ஒன்று. இடைநிலை எண்ணான மீடியன் இரண்டு என்று சொல்லும். அது வழக்கமான நிலவரம். கூடவே 90-ஆவது பெர்சென்டைலையும் போட்டு, மாட்டிக்கொண்டவை எவ்வளவு மாட்டிக்கொண்டன என்று காட்டுங்கள். சாதாரண எக்ஸெல் பிவட்டில் மீடியன் வராது, தனி ஃபார்முலாதான் போட வேண்டும். கூகுள் ஷீட்ஸ் பிவட்டில் இருக்கிறது.

இதைவிட நுணுக்கமான ஏமாற்று ஒன்று உண்டு. முடிந்தவற்றை மட்டும் எக்ஸ்போர்ட் செய்வது. இன்னும் முடியாமல் கிடப்பதுதானே நோய்? அதை வெளியே விட்டுவிட்டு ஆரோக்கியத்தை அளந்தால் என்ன வரும்? அதுவும் கடந்த மாதம் போட்டவற்றில் இதுவரை முடிந்தவை என்று எடுத்தால், வேகமாக முடிந்தவை மட்டுமே வலையில் விழும். மெதுவாக நகர்பவை இன்னும் உள்ளே இருக்கும். 'போன மாதத்தைவிட இந்த மாதம் முன்னேற்றம்' என்று மாதா மாதம் காட்டும் ரிப்போர்ட்டுகளின் ரகசியம் சில இடங்களில் இதுதான். போட்ட தேதியை வைத்து எடுங்கள், முடியாதவற்றுக்கு இன்று வரை வயதைக் கணக்கிட்டுத் தனியாகக் காட்டுங்கள். ஒத்துப்பார்க்க ஒரு குறுக்கு வழியும் உண்டு: 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி. உள்ளே நிற்கும் எண்ணிக்கை என்பது, ஒரு நாளில் வருவதை ஒன்று தங்கும் சராசரி நாளால் பெருக்கியது. தினம் 8 வந்து, எப்போதும் ஏறக்குறைய 120 பெண்டிங் நின்றால், சராசரி 15 நாள். உங்கள் ஷீட் 4 நாள் என்று சொன்னால், ஷீட்டில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

பெயர்ப் பத்திக்கு வருகிறேன். அதை அழித்துவிட்டு, 'அக்கவுண்ட்ஸ் 1', 'ஸ்டோர்ஸ் 2' என்று பொறுப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பெயர் போட்ட ஷீட் ஒன்று மேனேஜர் கைக்குப் போனால் அன்றோடு உண்மையான டேட்டா வருவது நின்றுவிடும். லேட் கணக்கில் தன் பெயர் வரக்கூடாதென்று எல்லாரும் திறந்தவுடன் 'ரிட்டர்ன்' அழுத்தப் பழகிவிடுவார்கள். கடிகாரம் அடுத்தவர் தலைக்கு மாறும், பேரிங் வந்து சேராது.

ஒவ்வொரு மாதமும் இதைக் கையால் செய்யத் தேவையில்லை. 2016 முதல் வரும் எக்ஸெலில் பவர் க்வெரி உள்ளேயே இருக்கிறது. படிகளை ஒருமுறை அமைத்துவிட்டு, ஒரு ஃபோல்டரில் அந்தந்த மாத ஃபைலைப் போட்டு ரிஃப்ரெஷ் அழுத்தினால், நேரம் கூட்டுவது, தேதி மாற்றுவது, பெயர் அழிப்பது எல்லாம் தானாக நடக்கும். மூல ஃபைலைத் தொடவே வேண்டாம்.

ஒன்றே ஒன்று அவசரம். இந்த வரலாறு சாஃப்ட்வேரில் நிரந்தரமாக இருக்காது. பவர் ஆட்டோமேட்டில் ரன் ஹிஸ்டரி 28 நாள்தான். கமுண்டா போன்றவற்றில் யாராவது க்ளீனப் வைத்திருந்தால் குறித்த நாளில் அழிந்துவிடும். உங்கள் சிஸ்டத்தில் எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று திங்கட்கிழமையே ஐடியில் கேளுங்கள். குறைவாக இருந்தால், அலசல் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இருப்பதை இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.